மூணு முடக்குக்கு அங்கிட்டு

1957 ஐப்பசியில் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குக் கொழுந்து லொறி ஓட்ட வந்தான் செல்லசாமி. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா ரோட்டோரத்திலேயே. டயர் இரைச்சல் துரைக்கு ஆகாது. முந்தின டிரைவரை அதற்காகவே பத்துச்சீட்டு கொடுத்து விரட்டியிருந்தார். செல்லசாமியின் மனைவி ராசம்மா மாசமாக இருந்தாள். தோட்டம் கொடுத்த ஒற்றை அறையான லயத்துக் காம்பிராவை விட்டால் போக்கிடம் இல்லை.

கட்டம் கட்டமாக வெட்டிய டயர்களைக் கழற்றிவிட்டு, நெடுகக் கோடு போட்ட டயர்களை மாட்டினான். இறக்கத்தில் உருட்டிவிட்டால் லொறி போவதே தெரியவில்லை. துரைக்குச் சந்தோஷம்.

ரோடு வளையும் ஒரு முடக்கில், கொழுந்து பறிக்கும் வீரம்மா நடுரோட்டில் நின்று லொறியை மறித்தாள்.

"ஏய்யா, அறிவிருக்கா ஒனக்கு? பனிமூட்டத்துல டயர் சத்தத்த வச்சுத்தானே நாங்க ஒதுங்குறோம். ஊளையிட்டா மூணு முடக்குக்கு அங்கிட்டு. உறுமுனா ரெண்டு. கல்லு தெறிச்சா வந்துருச்சு!"

"தொரைகிட்டப் போயி சொல்லுக்கா."

"ஒம் பொண்டாட்டியும் கூடையோட இந்த ரோட்டுலதான் வாறா. நெனப்பு வச்சுக்க."

எட்டாம் நாள் மத்தியானம், மூட்டத்துக்குள் எதன் மீதோ லொறி ஏறி இறங்கியது.

கூடை நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் வீரம்மா, கண் திறந்தபடியே.

'சத்தம் கேட்டும் அவள் ஒதுங்கவில்லை' என்று துரை அறிக்கை எழுதினார். செல்லசாமி ஆமென்று தலையாட்டினான். வேலை தங்கியது.

மறுநாள் லொறிக்குப் பின்னால் ஒரு டயர் ஊளையிட்டது.

அவன் டயர் சத்தம் போடாது. லொறியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். ஊளை நிற்கவில்லை. எதுவும் வரவுமில்லை.

அடுத்த நாள் உறுமியது.

ரெண்டு முடக்கு.

மூன்றாம் நாள் காதோரத்தில் கல் தெறித்தது. பச்சைக் கொழுந்து வாசத்தோடு இரத்த வாடை. கன்னத்தைத் தொட்டான். விரலெல்லாம் சிவப்பு.

சாவியை ஆபீசில் எறிந்துவிட்டு, பத்துச்சீட்டை வாங்கிக்கொண்டு, அன்று பகலே ராசம்மாவோடு பஸ்ஸுக்கு நடந்தான். நல்ல மூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காதைத் தீட்டிக்கொண்டே நடந்தான்.

ஊளை இல்லை. உறுமல் இல்லை.

"சத்தமே இல்ல புள்ள. நம்மள விட்டுட்டா," என்றான். மூன்று நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

ராசம்மா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏங்க... அங்க பாருங்க."

ரோட்டில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் இரண்டு கோடாகப் பிளந்து, அவர்களை நோக்கி ஓசையே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.