அவன் பக்கத்து ஈரம்

வெஸ்னா கண் விழித்தபோது மெத்தை நனைந்திருந்தது. அதிலொன்றும் புதுமையில்லை. நாற்பத்தொன்பது வயதில், மூன்று மாதமாக, வாரத்தில் ஐந்து இரவு அவள் மெத்தை நனைந்துதான் விடிகிறது. கழுத்தடியில் ஒரு சூடு கிளம்பி மார்பு, முதுகு, மண்டை என்று ஏறும். பிறகு குப்பென்று வியர்த்துக் கொட்டும். பிறகு அதே ஈரத்தில் உடம்பு வெடவெடக்கும். அதற்கென்றே தலையணை மேல் ஒரு துண்டு, நாற்காலியில் மாற்று உடுப்பு, கை எட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்திருந்தாள். ஆனால் இன்று தடவிப் பார்த்தபோது அவள் படுத்திருந்த பக்கம் அநேகமாகக் காய்ந்தே இருந்தது. ஈரம் ஜன்னலோரத்தில் இருந்தது. ஆன்டே படுக்கும் பக்கத்தில்.

ஆன்டே செத்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

தூக்கத்தில் உருண்டு போயிருப்பேன் என்று சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் அந்தப் பக்கம் உருண்டதே கிடையாது. உருண்டால் அவன் குறட்டை நேராகக் காதுக்குள் இறங்கும். எழுந்து விரிப்பை உருவி வாஷிங் மெஷினில் திணித்தாள். திணிக்கும்போது அதிலிருந்து மத்தி மீன் வாடை அடித்தது. டுனாவுக்கு இரையாகப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றுவார்களே, அந்த மத்தி. போர்ட் லிங்கன் மாதிரி ஓர் ஆஸ்திரேலிய மீன்பிடி ஊரில் எந்த வீட்டு மெஷினில்தான் அந்த வாடை இல்லை என்று மூடியைச் சாத்தினாள்.

பிறகு ஜன்னலைப் பார்த்தாள். திறந்துதான் இருந்தது. திரை உள்பக்கமாக உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது.

அதைத் திறந்தது ஒரு பெரிய கதை. எங்கள் குரோவேஷிய ஜனம் கடலுக்குக்கூட அவ்வளவு பயப்படாது, குறுக்குக் காற்றுக்குப் பயப்படுகிற மாதிரி. கழுத்து பிடித்துக்கொண்டால் காற்று. காது குத்தினால் காற்று. குழந்தை ராத்திரி பூரா அழுதால் எவளோ எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். இந்தப் பயத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் எங்கள் பெரியவர்கள் டால்மேஷியாக் கடற்கரையிலிருந்து கப்பலேறினார்கள். ஆனால் இந்த ஜன்னல் வேறு. கடலைப் பார்த்த ஜன்னல். கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் அந்த ஜன்னலை ஒரே ஓர் இரவு திறந்து வைப்போம், ஆத்மா வெளியே போக. விடிந்ததும் மூடிவிட வேண்டும். வருஷம் திரும்பும் வரை திறக்கக் கூடாது.

படகு கிடைத்தது. ஆன்டே கிடைக்கவில்லை. பூசை முடிந்த மறுநாள் காலையில் அவன் அக்கா நேடா வந்து, ஜன்னலைச் சாத்தி, அவனுடைய தூண்டில் நரம்பையே எடுத்துக் கொக்கியில் இறுக்கிக் கட்டினாள்.

"போனவனுக்கு வழி மறக்கணும்டி," என்றாள். "தொறந்து கெடந்தா அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துடும்."

அதை அறுக்கச் சொன்னது கிளினிக் நர்ஸ் ஷெரில், தெரியாமல்தான். ஹார்மோன் மாத்திரை வேண்டாம், என் அம்மா மார்பில் கட்டி வந்து போனவள், இயற்கையாக ஏதாவது சொல்லு என்று வெஸ்னாதான் கேட்டாள். ஷெரில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் காபி கிடையாது. ஒயின் கிடையாது. காரம் கிடையாது. பருத்தித் துணி மட்டும். படுக்குமுன் வெதுவெதுப்பான குளியல். சேஜ் இலைக் கஷாயம் இரண்டு வேளை. சேஜ் இலைக்கு எங்கள் வீடுகளில் பஞ்சமில்லை, நேடாவின் தோட்டத்தில் புதராக மண்டிக் கிடக்கிறது. காபியை விட்டதுதான் உயிர் போன மாதிரி இருந்தது.

"முக்கியமா காத்து வேணும்," என்றாள் ஷெரில். "ஜன்னலத் தொறந்து வெச்சிட்டுப் படு."

"எங்க வீட்லயா? என் நாத்தனாருக்குத் தெரிஞ்சா என்னையே தூக்கி வெளிய போட்டுடுவா."

"தொறந்தா யாரு வந்துடப் போறா?"

வெஸ்னாவும் சிரித்தாள். அன்று இரவு மூன்றாவது முறையாக உடுப்பு மாற்றியபோது சமையலறைக் கத்திரிக்கோலை எடுத்துவந்து நரம்பை நறுக்கினாள். கடல் காற்று வயிற்றில் பட்டதும் அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சுகம்.

விடிந்தபோதுதான் அவன் பக்கம் நனைந்திருந்தது.

ஈரம் மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும். ஒவ்வொரு இரவும் கொஞ்சம் பெரிதாக. அவள் வியர்வை வரும்போது சூடாக வரும். இது எப்போது தொட்டாலும் ஜில்லென்று இருந்தது, ஆழத்திலிருந்து இழுத்த கயிறு மாதிரி. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. வியர்வையும் உப்புதானே என்று தன்னையே அதட்டினாள். பகலில் எல்லாம் சரியாக இருந்தது. வெயில் இருந்தது, ரேடியோ இருந்தது, பக்கத்து வீட்டு நாய் இருந்தது. இரவில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, திரை உப்பி அடங்கும் சத்தத்தையும், தூரத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தத்தையும், அவை இரண்டும் ஓய்ந்த இடைவெளியில் முதுகுக்குப் பின்னால் மெத்தைக் கம்பிச்சுருள் மெல்ல, மிக மெல்ல, ஒரு ஆளின் பாரத்துக்கு இறங்கிக் கொடுக்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது இரவு சோதித்துப் பார்த்தாள். அவன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூந்துண்டை நீளவாக்கில் விரித்துவிட்டு, முழு இரவும் சோபாவில் படுத்தாள். காலையில் துண்டு ஓர் ஆள் வடிவில் நனைந்திருந்தது. அகன்ற தோள். இடுப்பு. ஓரத்தில் ஒரு கை. கட்டைவிரல், மூன்று விரல். ஆள்காட்டி விரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மொட்டைத் துண்டு மட்டும். ஆன்டேயின் ஆள்காட்டி விரலைக் கயிறு சுற்றும் இயந்திரம் தின்று பதினாலு வருஷம் ஆகிறது.

அந்தக் கையைத்தான் அவள் கடைசியாகப் பிடித்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில், படகுத் துறையில். அவன் கிளம்ப நிற்கிறான். அடிலெய்டிலிருந்து மகள் நிவெஸ் போனில் கூப்பிட்டு, வயிற்றில் இருப்பது பையன் என்று சொன்னாள். ஆன்டே துறை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"பையனா? அப்ப அவன் எனக்கு! கடலுக்கு!"

வெஸ்னாவுக்கு அப்போதுதான் இந்த வியர்வை தொடங்கியிருந்தது. நாலு இரவாகத் தூங்கவில்லை.

"எடுத்துட்டுப் போயேன்," என்றாள். "நானாவது நிம்மதியாத் தூங்கறேன்."

"கை குடு. பேசி முடிச்சாச்சு."

கொடுத்தாள். எங்கள் மீன்காரர்கள் காகிதத்தை நம்புவதில்லை. படகோ, வலையோ, பெண்ணோ, கை பிடித்துவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் பேச்சு மாறியவனோடு யாரும் ஒரு மேஜையில் உட்கார மாட்டார்கள். அன்று அது வேடிக்கைதான். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், அவன் போனான்.

வியாழக்கிழமை நிவெஸ் கூப்பிட்டாள். ஏழு மாதம். புருஷன் சுரங்க வேலைக்குப் போய்விட்டான், இரண்டு வாரம் கழித்துத்தான் வருவான்.

"நாளைக்குக் கெளம்பி வரேம்மா. குரலே சரியில்ல உனக்கு."

"வேண்டாண்டி. ஏழு மணி நேரம் வண்டி ஓட்டுவியா வயித்த வெச்சிட்டு? நானே வரேன் அங்க."

"நீ தூங்காம ஓட்டி மரத்துல மோதறதுக்கா? உனக்கு ஹார்மோன் கோளாறும்மா, வேற ஒண்ணுமில்ல. நான் பக்கத்துல படுத்துக்கறேன், பாரு, சரியாப் போயிடும்."

எந்தப் பக்கம் என்று வெஸ்னா கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஜன்னலைச் சாத்தினாள். அறுந்த நரம்பை எறிந்துவிட்டு அவன் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்து, கொக்கியில் சுற்றி, பத்து முடிச்சு போட்டு, பல்லால் கடித்து இறுக்கினாள். விரிப்பு, தலையணை உறை, திரை எல்லாவற்றையும் கொதிநீரில் துவைத்தாள். மெத்தையைப் புரட்டிப் போட்டாள். சாயங்காலம் அறை முழுக்க சோப்பு வாசனையும் வெயில் வாசனையும்தான் இருந்தது. பதினோரு நாளில் முதல் முறையாக மூச்சு ஒழுங்காக விட்டாள். அந்தத் தெம்பில்தான் நேடாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

திட்டு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தாள். திட்டே விழவில்லை.

"நேடா? இருக்கியா? அதான் மூடிட்டேனே. பத்து முடிச்சு."

"எப்ப மூடின?"

"மத்தியானம்."

"அவன் வெளிய போனானான்னு பாத்துட்டா மூடின?"

வெஸ்னா திரும்பிப் பார்த்தாள். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இருட்டத் தொடங்கியிருந்தது.

"வெஸ்னா, கேளு. புள்ளத்தாச்சிய அந்த வீட்டுக்குள்ள விடாத. நேரா இங்க கூட்டிட்டு வந்துடு. காலையில நான் பாதரோட வந்து தொறக்கறேன்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம். ஆன்டே அடிக்கிற மாதிரியே அடிப்பாள் நிவெஸ்.

கெஞ்சிப் பார்த்தாள். அத்தை உனக்காக மீன் பொரித்து வைத்திருக்கிறாள் என்று பொய்கூடச் சொன்னாள். நிவெஸ் வீங்கிய காலைச் சோபாவில் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

"என் காலப் பாரு, ரொட்டி மாவு மாதிரி. இங்கேருந்து ஒரு அடி நகர மாட்டேன். அத்தைய நாளைக்குப் பாத்துக்கலாம். ஐயோ, என்னம்மா இது புழுக்கம்? ஜன்னலத் தொறயேன்."

"காத்து ஆகாது."

"பிப்ரவரி மாசம்மா, உச்ச வெயில்! நீயும் அத்தை மாதிரி ஆயிட்டியா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூங்கிப் போனாள், சோபாவிலேயே, வாயைத் திறந்துகொண்டு. வயிறு ஏறி இறங்கியது. சின்ன வயதில் தூங்கியது போலவே தூங்கினாள். வெஸ்னா அவளை எழுப்பிக் காருக்கு இழுத்துப் போகத்தான் நினைத்தாள். பிறகு வேறொன்று நினைத்தாள். அவன் மெத்தையில் இருந்தால் மெத்தையிலேயே இருக்கட்டும். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். விடியும் வரைதானே.

ஷெரிலின் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் காபி போட்டாள். கெட்டியாக, சர்க்கரை இல்லாமல், மூன்று கோப்பை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அவன் பக்கத்தைப் பார்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பயமாக இருந்தது. அதைவிட, வெட்கமாக இருந்தது. அவனைப் பார்த்துத் தான் பயப்படுவது.

"அது வெளையாட்டுக்குச் சொன்னது, ஆன்டே," என்றாள் இருட்டைப் பார்த்து. "உனக்கே தெரியும். என்னை எடுத்துக்க. அவன விட்டுடு."

ஒன்றும் அசையவில்லை. விரிப்பு காய்ந்து, வெள்ளையாக, சுருக்கமில்லாமல் கிடந்தது. பன்னிரண்டு. ஒன்று. நாய் குரைத்து ஓய்ந்தது. சூடு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கழுத்தடி குளிர்ந்திருந்தது. நெற்றியில் யாரோ கைவைத்த மாதிரி ஒரு குளிர்ச்சி. இதமாக.

தூங்கிவிட்டாள்.

விழித்தபோது உடம்பு காய்ந்திருந்தது. கழுத்து. முதுகு. தலையணைத் துண்டு. மூன்று மாதத்தில் இப்படித் தூங்கியதில்லை. கை தானாக நீண்டு மெத்தையைத் தடவியது. காய்ந்திருந்தது. அவன் பக்கமும். போய்விட்டான். ஆண்டவனே, போய்விட்டான்.

பிறகுதான் படகுத் துறையில் சொன்ன அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. நானாவது நிம்மதியாத் தூங்கறேன்.

கை இன்னும் கொஞ்சம் நீண்டது. சூடான தோளில் பட்டது.

நிவெஸ். ஜன்னலோரத்தில். மல்லாந்து.

"சோபா முதுகு வலிச்சுதும்மா," என்றாள் பாதித் தூக்கத்தில். "தூங்கு."

மத்தி வாடை.

சொட்டு. எங்கிருந்தோ. சொட்டு. தரையில் இல்லை. துணியில்.

வெஸ்னா விளக்கைப் போட்டாள். ஜன்னல் மூடியே இருந்தது. பத்து முடிச்சும் இருந்தது. நரம்பு நனைந்து, பளபளத்து, கொக்கிக்குள் பதிந்திருந்தது. விரிப்பில் ஈரமில்லை. தலையணையிலும் ஈரமில்லை. நிவெஸின் இரவு உடுப்பில் மட்டும். வயிற்றின் மேல். ஒரு கை.

உள்ளங்கை. கட்டைவிரல். மூன்று விரல். மொட்டை.

ஈரம் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. இப்போதுதான் வைத்த கை. எடுக்காத கை.

வெஸ்னா அதன்மேல் தன் கையை வைத்துத் தள்ளினாள். துடைத்தாள். சுரண்டினாள். எலும்பு வரை குளிர்ந்தது. நகரவில்லை.

"அப்பா," என்றாள் நிவெஸ், கண் மூடியபடி, சிரித்தபடி. "கை எவ்ளோ ஜில்லுன்னு இருக்கு."

அப்போது வயிறு அசைந்தது. உள்ளேயிருந்து, மெல்ல, தோலைத் தூக்கிக்கொண்டு, ஒரு சின்னக் கை எழும்பியது. அந்த ஈரக் கையின் நடுவில் வந்து அழுந்தியது. பிடித்துக்கொண்டது.