இரண்டு பக்கம் விட்டு இரண்டு பக்கம்

“ஒருத்தியோட பொழப்பைக் கெடுக்கணும். கெடுத்தாச்சு. இப்போ ஆதாரம் மட்டும்தான் பாக்கி” என்று சொல்லிக்கொண்டே வாத்தியார் உள்ளே வந்தார்.

தையல்காரர் கையிலிருந்த பித்தானைக் கீழே விட்டுவிட்டார். அக்கா வீட்டு முன்னறையில்தான் அவருடைய தையல் இயந்திரம் இருந்தது. அக்கா முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரிந்த கடையின் சாம்பலைப் பார்த்தே யார் தீ வைத்தது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். ஒரு வழக்கு வந்துவிட்டால் தம்பியான தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடக் கை நிற்காது.

“உக்காருங்க. எவளோட பொழப்பு?” என்றார் அக்கா.

வாத்தியார் ஒரு புத்தகத்தை மேசைமேல் எறிந்தார். அவர் ஆங்கிலப் பயிற்சி வகுப்பு நடத்துபவர். ஒன்றுக்கொன்று மாற்றிக் குழப்பிக்கொள்ளும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி அவரே எழுதிய புத்தகம் அது. பக்கத்துக்கு ஒரு ஜோடி. மேலே கட்டங்களில் இரண்டு சொற்கள், கீழே ஒவ்வொன்றுக்கும் விளக்கம்.

“வெளியீட்டு விழாவுல தலைவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டிச் சத்தமா வாசிச்சார். ‘பாரோ’ன்னா கடன் கொடுக்கறதாம், ‘லெண்ட்’னா வாங்கறதாம்! அடுத்த பக்கத்துல ‘டெஸர்ட்’டும் ‘டிஸர்ட்’டும் மாறி, விருந்து முடிஞ்சதும் பாலைவனத்தைத் தட்டுல வெச்சுப் பரிமாறச் சொல்லியிருக்கு. முந்நூறு பேர் சிரிச்சாங்க. என் மாணவனுங்களே சிரிச்சானுங்க!”

“யார் மேல சந்தேகம்?”

“சந்தேகம் என்ன சந்தேகம்? அச்சகத்துல கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற பொண்ணு. ஒருநாள் தப்புக்குத் திட்டினேன், பழி வாங்கிட்டா. முதலாளிகிட்ட சொல்லி அன்னிக்கே துரத்தினேன். ஊர்ல இருக்கிற மத்த அச்சகத்துக்கெல்லாம் போன் போட்டு, இவளைச் சேர்க்காதீங்கன்னு சொல்லிட்டேன். நாலு நாளா வீடு வீடா வேலை கேட்டு அலையறாளாம். அலையட்டும்!”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பாயசம் குடித்த திருப்தி தெரிந்தது.

“எந்தெந்தப் பக்கத்துல தப்பு?”

சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார். “நூத்திப் பதினாலு, பதினஞ்சு. அப்புறம் பதினெட்டு, பத்தொன்பது. இருபத்திரண்டு, இருபத்திமூணு. இருபத்தாறு, இருபத்தேழு. எல்லாத்துலயும் மேல இருக்கிற ரெண்டு வார்த்தையும் இடம் மாறியிருக்கு. நூத்தி இருபத்திமூணுல மட்டும் மாறியும் ஒண்ணும் கெட்டுப்போகல. ‘என்கொயரி’, ‘இன்கொயரி’. எதை வேணாலும் எழுதலாம்னு நானே கீழே போட்டிருக்கேன்.”

தையல்காரர் துணியின் இழை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பக்கத்தின்மேல் வைத்தார். “அக்கா, இங்க பாரு. இந்த வார்த்தையைச் சுத்தி முடி மாதிரி ஒரு கோடு. எட்டுப் பக்கத்துலயும் இருக்கு!”

“அச்சுத் தூசு” என்றார் வாத்தியார்.

“தூசு சதுரமா விழாது சார்” என்றார் தையல்காரர். அக்கா புன்னகை செய்யாமலே அவரைப் பாராட்டினார். அதாவது, கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க கடைசியா எப்போ அச்சகத்துக்குப் போனீங்க?”

“ரெண்டு தடவை. கடைசிப் பதினாறு பக்கம் ஒட்டிக்கிட்டிருந்த அன்னிக்குப் போனேன். அங்க பக்கங்களை வெட்டி ஒட்டறவன் ஒருத்தன் இருக்கான், பிளேடுன்னு கூப்பிடுவாங்க. இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. அவன் கையிலயா என் புத்தகம்னு அட்டையைப் படிக்கச் சொன்னேன். முழிச்சான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் மிஷின்ல வந்த முதல் தாளுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடப் போனேன்.”

அக்கா ஒரு தாளை நகர்த்தினார். “ஒரு நிபந்தனை. தப்புக்குக் காரணம் யாருன்னு நான் காட்டினதும், நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு எல்லா அச்சகத்துக்கும் அனுப்பணும். யாரா இருந்தாலும்.”

“பத்துப் பிரதி அனுப்பறேன்!” என்று வாத்தியார் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அச்சகத்தில் எல்லாரும் கூடினார்கள். முதலாளி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அந்தப் பெண் வாசலுக்கு அருகிலேயே நின்றாள். துரத்தப்பட்ட இடத்துக்குள் வர அவளுக்குக் கால் வரவில்லை. கண்ணாடி மேசைக்குப் பின்னால், அடியில் விளக்கு எரிய, மைக்கறை படிந்த ஏப்ரனோடு பிளேடு நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

“தம்பி, ஒரு பெரிய தாளை மூணு தடவை மடி” என்றார் அக்கா. “அப்படியே மடிப்போட, ஓரத்துல ஒண்ணுல இருந்து பதினாறு வரைக்கும் பக்க எண் போடு.”

தையல்காரர் முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி எண்களை எழுதினார்.

“இப்போ விரி. ஒரு முகத்தை மட்டும் பாரு. என்னென்ன இருக்கு?”

தையல்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். சில எண்கள் தலைகீழாக இருந்தன. “ரெண்டு, மூணு, ஆறு, ஏழு, பத்து, பதினொண்ணு, பதினாலு, பதினஞ்சு. அட, ரெண்டு விட்டு ரெண்டு! மிச்சம் எட்டும் பின்பக்கம்!”

“இதுக்கு முன்னாடி தாள்கள்ல போனது நூத்திப் பன்னிரண்டு பக்கம். அதை இதோட கூட்டு.”

அவர் விரல் விட்டுக் கூட்டினார். பாதியிலேயே வாய் திறந்துவிட்டது. “அக்கா! தப்பு வந்த எட்டுப் பக்கம்!”

“புத்தகம் பக்கம் பக்கமா அச்சாகறதில்ல” என்றார் அக்கா, வாத்தியாரைப் பார்த்து. “ஒரு பெரிய தாளோட ஒரு முகத்துல எட்டுப் பக்கம். மடிச்சு வெட்டினாத்தான் வரிசைக்கு வரும். கம்ப்யூட்டர்ல வேலை செய்யற இந்தப் பொண்ணு நூத்திப் பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினேழுன்னு வரிசையாத்தான் பார்ப்பா. பழி வாங்கணும்னா பதினாறையும் பதினேழையும் எதுக்கு விட்டு வைக்கணும்? இந்த எட்டும் ஒண்ணா ஒருத்தர் கண்ணு முன்னாடி கிடக்கிற இடம் இங்க ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கண்ணாடி மேசை. ட்ரேசிங் தாள்ல எடுத்த எட்டுப் பக்கத்தையும் இதுமேல ஒட்டித்தான் அச்சுத் தகடு எடுக்கறாங்க. அந்த முடிக்கோடு, வார்த்தையை வெட்டி இடம் மாத்தி ஒட்டின தடம்.”

“இவனா?” வாத்தியார் சிரித்தார். “இவனுக்கு ஏ, பி, சி தெரியாதும்மா!”

“அதனாலதான் இவர். தெரிஞ்ச ஆளுன்னா என்கொயரி பக்கத்துல கை வெச்சிருக்க மாட்டாங்க. மாத்தினாலும் பிரயோசனம் இல்லன்னு தெரியும். இதைச் செஞ்சவருக்கு எழுத்து தேவைப்படல. ரெண்டு கட்டத்தை இடம் மாத்தத் தெரிஞ்சா போதும்.”

பிளேடு ஏப்ரனில் கையைத் துடைத்தார். “நான்தான். அன்னிக்கு என் பொண்ணு சாப்பாடு கொண்டாந்து அதோ அந்தக் கதவாண்ட நின்னுச்சு. நீங்க கழுதைன்னீங்க. அது தூக்குச்சட்டியைத் தரையில வெச்சுட்டுப் பேசாம போயிருச்சு. இன்னி வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. மத்த தாளெல்லாம் தகடு ஆயிருச்சு, இந்த ஒரு முகம்தான் கையில மிச்சம். இருபது நிமிசம் ஆச்சு.”

“போலீஸ்! நஷ்டஈடு! உன்னைச் சும்மா விடமாட்டேன்டா!” வாத்தியாரின் குரல் கிறீச்சிட்டது.

“ஒளிச்சு வெக்கல சார்” என்றார் பிளேடு நிதானமாக. “மறுநாள் மிஷின்ல வந்த முதல் தாளை உங்க முன்னாடி நான்தான் விரிச்சேன். இந்த எட்டுப் பக்கம்தான் மேல இருந்துச்சு. ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சிருந்தா நான் அகப்பட்டிருப்பேன். அகப்படத்தான் நின்னேன். என் புத்தகத்துல தப்பு வராதுன்னு சொல்லி, பாக்காம கையெழுத்துப் போட்டீங்க.”

முதலாளி அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார். பாலைவனம் பரிமாறும் பக்கத்தின் ஓரத்தில், ‘அச்சிடலாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே வாத்தியாரின் நீண்ட கையெழுத்து.

நேற்று வாத்தியார் எழுதிக் கொடுத்த நிபந்தனைத் தாளை அக்கா அதன் பக்கத்தில் வைத்தார். “யாரா இருந்தாலும்னு இருக்கு. வெட்டினவர் ஒருத்தர், பாக்காம விட்டவர் ஒருத்தர். ரெண்டு பேரும் கடிதத்துல வரணும். இந்தப் பொண்ணு இல்லன்னும் வரணும்.”

வாசலில் நின்றவள் முதல்முறையாக உள்ளே வந்தாள். வாத்தியாரிடம் அல்ல, நேராகப் பிளேடிடம் வந்தாள்.

“உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதை அண்ணே! அவரைப் பழி வாங்குங்க, நல்லா வாங்குங்க. நாலு நாளா நான் தெருத் தெருவா அலையறேன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கலியே. உங்க கோபத்துக்கு என் சோறுதானா கிடைச்சுது?”

பிளேடின் முகம் அப்போதுதான் விழுந்தது. ஏப்ரனை அவிழ்த்து மடித்து, அதன்மேல் கைப்பிடி தேய்ந்த தன் பிளேடை வைத்தார். “இல்லம்மா... அது தப்புதான்” என்றார். முதலாளி ஏப்ரனை எடுக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை.

அவள் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். “சொல்லுங்க சார். நான் அடிக்கிறேன்.”

“இங்கிலீஷ்ல...” என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

“தமிழ்லயே சொல்லுங்க. மாத்திப் புரிஞ்சுக்க வழி இருக்காது.”

வாத்தியார் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒரே ஒரு தாள் வெளியே வந்தது. சூடு ஆறுவதற்குள் அதை அவர்முன் வைத்தாள். அவர் அவசரமாகப் பேனாவை எடுத்தார். எப்படியாவது வெளியே போனால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அவள் தாளின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“படிச்சுட்டுப் போடுங்க சார்.”

அவர் குனிந்து உதட்டை அசைத்தார்.

“சத்தமா” என்றாள்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நின்றார்கள். கதவோரம் நின்ற பிளேடும் போகாமல் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாத்தியார் முதல் வரியை வாசித்தார். இடம் தவறி, அதே வரியை இன்னொரு தடவை வாசித்தார்.