ஒப்பீட்டுக் குழியில் பச்சை

ஒளிரக் கூடாத குழிதான் முதலில் ஒளிர்ந்தது.

சொர்ணவல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். அரிமளம் சாலையில் இருக்கும் கல்லூரியின் ஆய்வகம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி, மூக்கில் ஏறும் ஸ்பிரிட் வாடை, கருவிக்குள் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட சோதனைத் தட்டு குலுங்கும் கடகடச் சத்தம், பக்கத்து அறையில் படம் வரையும் ஆறு வயது மகள் மோகனப்ரியாவின் முணுமுணுப்பு. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

மூளைப் புரதம் ஒன்று கோணலாக மடிந்தால் போதும், சேர்க்கை சரியில்லாத பிள்ளை வகுப்பையே கெடுப்பதுபோல, பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கிக் கட்டிதட்ட வைத்துவிடும். தட்டில் கட்டிதட்டினால் அதில் கலந்த சாயம் பச்சையாக ஒளிரும். மண்டைக்குள் கட்டிதட்டினால்? அவள் அப்பா ஆத்மநாதன் நாற்பத்தாறு வயதில், பெற்ற மகள் பெயர் தெரியாமல் செத்தார். அந்தச் சனியன் அவரோடு ஒழியட்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தாள்.

நோயாளிகளின் மாதிரி விட்ட குழிகள் இருட்டாகக் கிடந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுத்தப் புரதம் மட்டும் விட்ட குழி முந்திக்கொண்டிருந்தது, அதுவும் அரை மணியில்.

"கையுறைய மாத்திட்டுப் புதுசாப் போடுங்க மேடம்," என்றான் கூட வேலை பார்க்கும் எழிலரசன்.

போட்டாள். ஒளிர்ந்தது. அவன் போட்டான். இருட்டு. மறுபடி அவள் போட்டாள். பச்சை.

எழிலரசன் ஓர் அடி பின்னால் போனான். "மேடம்... அங்கிட்டே நில்லுங்க. எதையும் தொடாதீங்க."

பயம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. "எங்கப்பாவத் தின்னது பத்தலையா ஒனக்கு?" தட்டைப் பார்த்துக் கத்தியபடி கையுறையைக் கழற்றி வீசினாள். புதுத் தட்டின்மேல் வெறும் விரலை வைத்து அழுத்தினாள். "வா, பாத்துக்குவோம்."

கரண்ட் போனது. கடகடப்பு நின்றது. எழிலரசன் ஜெனரேட்டரைப் போட வெளியே ஓடினான்.

சாயம் ஒளிர நீல விளக்கு வேண்டும். விளக்கு இல்லை. ஆனாலும் விரலடியில் ஒரு பொட்டுப் பச்சை. பிறகு நான்கு. பிறகு தட்டு முழுக்க. அவள் விரலை எடுக்கவில்லை.

"எங்கிட்டயே முடிச்சுக்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "எம் புள்ளகிட்டப் போன, ஒன்னய விடமாட்டேன்."

மேசை விளிம்பில் பச்சை. நாற்காலியில். குழாயில். அவள் கை பட்ட இடமெல்லாம்.

செருப்புச் சத்தம்.

"அம்மா, கரண்ட் போச்சு."

"வராதடி! அங்கிட்டே நில்லு!" சொர்ணவல்லி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. இருட்டில் பிள்ளையின் முகம் தெரியவில்லை. காலையில் அம்மா பிடித்துக் கொஞ்சிய இரண்டு கன்னத்திலும் பதிந்த பத்து விரல் தடங்கள் மட்டும் தெரிந்தன, பச்சையாக, மெல்ல நெற்றிப் பக்கம் ஏறிக்கொண்டு.