நின்றபடி இறங்கிய பால் டின்

தியாகு சாப்பிடவில்லை. தட்டில் இருந்த நெத்திலிச் சம்பலைக்கூடத் தொடவில்லை. நெத்திலி என்றால் அக்கா கோகிலாவின் தட்டிலும் கை நீட்டுகிற ஆள் அவன்!

எல்லாம் தாவூத் மாமாவின் கோப்பிக் கடை வானொலியால் வந்த வினை. ரஷ்யாக்காரர்கள் ஒரு நாயை ராக்கெட்டில் ஏற்றி வானத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். காஜா பேராங் வட்டாரம் முழுக்க அன்று அதே பேச்சுதான்.

“மாமா, அந்த நாய் எப்ப வீட்டுக்கு வரும்?” என்று தியாகு கேட்டிருக்கிறான்.

தாவூத் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. “வராது தம்பி. இறக்குற வித்தை அவங்களுக்கு இன்னும் தெரியல” என்று சொல்லிவிட்டார்.

ஆறு வயதுப் பையனுக்கு இது போதாதா? அழுதுகொண்டே வந்தவன், தன் மண் நாய்ப் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அம்மா கெஞ்சினார். அப்பா மிட்டாய் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

தம்பியைச் சீண்டாமல் கோகிலாவுக்குப் பொழுது போகாது. ஆனால் அவன் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது.

“டேய், திரும்பி வர்ற ராக்கெட்ட அக்கா செஞ்சு காட்டுறேன். அப்புறம் சாப்பிடுவியா?”

“நின்னுக்கிட்டே இறங்கணும். தலைகீழா விழுந்தா நாய்க்கு வலிக்கும்.”

“சரி, நின்னுக்கிட்டே.”

தீபாவளிக்கு வாங்கிய வெடியில் கொஞ்சம் மீதி இருந்தது. அப்பா கொல்லையில் ஒரு வெடியை நட்டு, அதன்மேல் காலிப் பால் டின்னைக் கவிழ்த்தார். நீளமான ஊதுபத்தியால் திரியைப் பற்றவைத்தார். பிள்ளைகள் மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள்.

டமார்! டின் கூரை உயரத்துக்குப் போனது. அதுவரை நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது குட்டிக்கரணம் அடித்து, மண்டை நசுங்கி விழுந்தது.

தியாகு மண் நாயைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.

“இது சும்மா சோதனைடா” என்றாள் கோகிலா.

அடுத்த டின் கோழிக்கூண்டின்மேல் விழுந்தது. கோழிகள் கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

“ராக்கெட்டாம் ராக்கெட்டு! நாளைக்கு என் கோழி முட்டை போடலன்னா, அப்பாவும் புள்ளைங்களுமா உக்காந்து போடுங்க!”

இனி ஒரே ஒரு வெடிதான் மிச்சம். அப்பா பெருமூச்சு விட்டு, கோகிலாவைக் கோப்பி வாங்க அனுப்பினார்.

தாவூத் மாமா வழக்கம்போல் காலிப் பால் டின்னில் கோப்பியை ஊற்றி, தூக்கிப் போக மேலே கயிறு கட்டிக் கொடுத்தார். கோகிலா யோசித்துக்கொண்டே நடந்தாள். ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. துள்ளி ஒதுங்கினாள். டின் தாறுமாறாக ஆடியது. ஆனால் கவிழாமல் மறுபடி நேராகத் தொங்கியது.

கோகிலா அப்படியே நின்றுவிட்டாள். மேலே பிடி, கீழே பாரம். எப்படிக் கவிழும்?

வீட்டுக்கு ஓடினாள். “அப்பா, சீக்கிரம் குடிங்க! டின் வேணும்!”

பாவம், அப்பாவுக்கு நாக்குச் சுட்டுவிட்டது.

டின்னைக் கழுவிக் கவிழ்த்து, கீழ் விளிம்பைச் சுற்றிக் கனமான கம்பி கட்டினாள். மேலே நான்கு துளையிட்டுக் கயிறு கோத்தாள். கயிறுகளை விரித்துப் பிடிக்க ஒரு துணி வேண்டும். பெட்டியைத் திறந்து மஞ்சள் கழுத்துத் துணியை எடுத்தாள். மெர்டேக்கா அணிவகுப்புக்குப் பள்ளியில் கொடுத்தது. மலாயாவுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தத் துணியை அவள் யாரையும் தொடவிட்டதில்லை.

“அக்கா, அது உன்னோட மெர்டேக்கா துணி!”

“இருக்கட்டும்டா. உன் நாய் இறங்க வேணாமா?”

தியாகு சட்டைக்குள்ளிருந்து மண் நாயை எடுத்து நீட்டினான். கோகிலா கொல்லையில் ஒரு கல்லைத் தேடினாள்.

“மொதல்ல ஒரு கல்ல வச்சுப் பாப்போம்டா.”

“கல்லு திரும்பி வந்தா யாருக்குக்கா சந்தோசம்?”

கோகிலா துணியின் முனைகளை நான்கு கயிறுகளிலும் முடிந்தாள். நாயை டின்னின்மேல் கட்டினாள். அது உடைந்தால் தம்பியும் உடைந்துபோவான் என்று அவளுக்குத் தெரியும். அப்பா கடைசி வெடியைப் பற்றவைத்தார்.

டமார்!

டின் உச்சிக்குப் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோகிலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அக்கா, பாரேன்!”

மஞ்சள் துணி குடையாக விரிந்திருந்தது. அதன் கீழே டின் ஆடி ஆடி இறங்கி, புல்லில் நேராக நின்றது. மேலே மண் நாய் முழுசாக இருந்தது. ஒரு காது மட்டும் புகையில் கறுத்திருந்தது.

அப்பா கைதட்டினார். அம்மாவும் கரண்டியால் கதவைத் தட்டினார்.

தியாகு ஓடிப்போய் நாயை அணைத்துக்கொண்டான். பிறகு வானத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“அக்கா, அந்த நாய்க்கும் உன்ன மாதிரி ஒரு அக்கா இருந்திருந்தா வீட்டுக்கு வந்திருக்கும்ல?”

கோகிலா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“ரொம்பப் பசிக்குதுக்கா” என்றான் தியாகு. “சோறு போடு. எங்க ரெண்டு பேருக்கும்.”