அதே படி, அதே நேரம்

சுப்ரியா போய் இறங்கியபோது வீடு எப்போதும்போலத்தான் இருந்தது. அணைநீர் பின்வாசல் படித்துறை வரை வந்து கிடந்தது. பாசி வாடை. கொடியில் அம்மாவின் சேலை ஒன்று இன்னும் எடுக்கப்படாமல் தொங்கியது. ஆரியசாலை மிளகாய்க் கடையை விற்றுவிட்டு அப்பா பகவதிப்பெருமாள் ஆசை ஆசையாக வாங்கிய வீடு. போன மாதம், இந்தப் படித்துறையில் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவை முதலை இழுத்துப் போனது. உடல் கிடைக்கவில்லை.

அப்பாவை இன்றே நகரத்தில், ஆரியசாலையில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

வேலியருகே வனத்துறைக் காவலர் சுஜின் நின்றிருந்தார்.

"ஒரு முதலையக் கூடு வெச்சுப் பிடிச்சுக் கொண்டுபோயாச்சு சேச்சி. ஆனா இன்னொண்ணு கெடக்காதுன்னு சொல்ல முடியாது. பின்னே எதுக்கு அண்ணாச்சி தெனமும் அதே படிக்குப் போறாரு? நீங்களாவது சொல்லுங்க."

அம்மா தண்ணீரில்தானே போனாள், காக்கைக்கு வைத்து என்ன பயன் என்று பலிச்சோற்றை அப்பா தண்ணீரிலேயே விட்டு வந்தார். தினமும் அந்தி விழும் நேரத்தில்.

"அது தொரத்திப் பிடிக்கிற ஜந்து இல்ல கேட்டோ. யாரு எந்நேரம் எங்க வாராங்கன்னு பாத்துக் கெடக்கும். நம்மளப் போல தாடைய ஆட்டி மெல்ல அதுக்கு முடியாது. கடிச்சு உருளும், அப்படியே முழுங்கும். நமக்குச் சூடு உள்ளேயே இருக்கு. அதுக்கு வெயில் வேணும். வாயத் தொறந்து போட்டுக் கெடக்கும், எங்க மாமன் மத்தியானம் உறங்குற மாதிரி."

சுஜின் சிரித்தார். சுப்ரியாவும் சிரித்திருக்க வேண்டும். முகம் அசையவில்லை.

அந்தியில் அப்பா இலையோடு கிளம்பினார்.

"எப்பா, கார் நிக்கி. போலாம்."

"இன்னைக்கு ஒருநாள் வெச்சிட்டு வாறேன் மக்ளே. ஒங்கம்மை காத்துக் கெடப்பா."

கடைசிப் படியில் குனிந்தார். பறவைச் சத்தம் நின்றது.

தண்ணீர் கலங்கக்கூட இல்லை.

அப்பா இல்லை.

இலை மட்டும் மிதந்தது.

சுஜின் கழியோடு ஓடினார், துழாவினார், கத்தினார். அவள் நின்றாள். நன்றாக இருட்டிய பிறகு, அதே படியில் அப்பா ஏறி வந்தார். காயம் இல்லை. இருமல் இல்லை. மூச்சிரைக்கவும் இல்லை.

"ஒரு மனுசன் இவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள..." சுஜின் முணுமுணுத்தார்.

"போலாம்," என்றார் அப்பா.

கூட்டிப் போகத்தான் வந்திருந்தாள். கூட்டிப் போனாள்.

இப்போதெல்லாம் அப்பா விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். தண்ணீர்த் தொட்டியோரம் குப்புறக் கிடக்கிறார், வாய் திறந்தபடி. ஈ உள்ளே போய் வருகிறது. உச்சிவெயில் ஏறிய பிறகுதான் கைகளில் சூடு வருகிறது. சோற்றை மெல்லுவதில்லை. தலையை அண்ணாந்து விழுங்குகிறார். சுப்ரியா காலையில் காப்பி கொண்டுபோய் மாடியின் மேற்படியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். அதே நேரம், அதே படி.

இன்று கழக்கூட்டத்தில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து போன் வந்ததில் சற்றுத் தாமதம்.

தம்ளரோடு ஏறினாள். தொட்டியோரம் காலி.

மேற்படியை ஒட்டி, தரையில் மோவாயை வைத்து, அப்பா கிடந்தார். இமை கொட்டவில்லை. வாய் மூடியிருந்தது. மாடி முழுக்க வெயில் கொதித்தது. அவரைச் சுற்றி மட்டும் ஈரம். பாசி வாடை.

பழக்கத்தில், அவள் கால் அடுத்த படிக்கு ஏறியது.