எட்டு விரல் மெஷின்

வீட்டில் ஏசி கிடையாது. பெயர்தான் ஏசிக்காரர்; அந்த வேலையை விட்டே இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அப்படியிருக்க, பட்டப்பகல் இரண்டு மணிக்கு, ஜன்னல் கம்பியின் நிழல் கூடத்துத் தரையில் கட்டம் போட்டுக் கிடந்த நேரத்தில், கம்ப்ரசர் தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்டது.

டொக் டொக் டொக். ஒரு மூச்சு இடைவெளி. டொக் டொக்.

கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். சத்தம் ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து வந்தது. அங்கேதான் மகள் அந்த மெஷினை வைத்திருந்தாள்.

"அம்மாடி, எதையாச்சும் தட்டுறியா?"

"இல்லையேப்பா, டைப் அடிக்கிறேன். காது டாக்டர்கிட்ட போலாம்னா வரமாட்டேங்கிறீங்க."

"அவன் என் காதுல லைட் அடிச்சுப் பாத்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறான்? நேத்துப் பொறந்த பய."

"உங்களுக்கு எல்லா டாக்டரும் நேத்துப் பொறந்தவன்தான்."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சத்தம் நின்றுவிட்டது. அன்றைக்கும் இப்படித்தான் நின்றது.

மெஷின் என்றால் பீரோ உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. இவர் முன்பு ஏசி பார்த்த, பிறகு மூடிக் கிடந்த ஆபீஸை இடிக்கும்போது பழைய இரும்போடு போகவேண்டியது. மகள் கேட்டு வாங்கி, நாலு ஆள் வைத்துத் தூக்கிவந்து, ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன ரூமில் நிறுத்தினாள். வேண்டாம் என்று இவர் சொன்னது யார் காதில் விழுந்தது? அதன் முதுகிலிருந்து ஒரு கேபிள் தொங்கியது. அந்தக் காலத்தில் அபாய மணிக்கும் கதவுக்கும் போன கேபிள். இப்போது நுனி வெட்டப்பட்டு, செம்புக் கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சூடான தூசியின் வாசம், பழைய பிளாஸ்டிக் வாசம், அதற்கெல்லாம் அடியில் மூக்கைக் கிள்ளுகிற ஒரு குளிர்ச்சி. மகளுக்கு அது தெரியவில்லை. இவருக்குத் தெரிந்தது. அது தீயணைக்கிற கேஸ்.

பழைய மெஷின்களின் வயிற்றைத் திறந்து, உள்ளே ஓடுவது எங்கே பிறந்தது, யார் யார் கை பட்டு வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் மகளின் வேலை. இதில் ஓடியது யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம். அதற்குள் கெர்னல் என்று ஒன்று உண்டாம். எது ஓடணும், எது நிக்கணும், எந்தக் கதவு எப்போது திறக்கணும் என்று சொல்கிற மூளை. அதை எழுதியவர்களின் மூலப் பிரதி என்றைக்கோ தொலைந்துபோனது. மிச்சம் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்களைப் பிரித்து, வேறு பழைய யூனிக்ஸ்களோடு துண்டு துண்டாக ஒப்பிட்டு, தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினாள். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த துண்டுக்குப் பச்சை. மெஷின் செய்த கம்பெனி சேர்த்ததற்கு மஞ்சள். அந்த ஆபீஸில் வேலை பார்த்த அம்மா கை பட்டதற்கு நீலம். யாருடையது என்று தெரியாதது வெள்ளை.

"இந்த மெஷினுக்கு எட்டு விரல்தான்ப்பா," என்று ஒரு நாள் விளக்கினாள். "ஏழுக்கு அப்புறம் பத்துன்னு எழுதும். நம்ம முப்பதை இது முப்பத்தாறுன்னு வெச்சிருக்கும்."

"எனக்கே அஞ்சாங்கிளாஸ் கணக்கு. இதுல உன் மெஷின் என்னைவிட மக்கா?" என்று சொல்லிவிட்டு, அதோடு விட்டுவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளையை. ஆறு வாரமாக அது சுருங்கிக்கொண்டே வந்தது. அது சுருங்கச் சுருங்க அவருக்குச் சோறு இறங்குவதும் குறைந்தது.

அவர் மனைவி அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். படித்தவள். இவனைப் போய் எப்படிக் கட்டினாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ஸ்பேனர் பிடிக்கிறவனை நம்பலாம், பேனா பிடிக்கிறவனைத்தான் நம்ப முடியாது" என்று பதில் சொன்னாள். கூப்பிடுவதே "என்னங்க ஸ்பேனர்" என்றுதான். இவர் ஏதாவது ஏடாகூடமாகச் செய்தால் திட்டமாட்டாள். மோதிரம் போட்ட விரலால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் ரூமில் புகை வந்தால் முதலில் முப்பது வினாடி மணி அடிக்கும். அதுவரை கதவு திறந்திருக்கும். உள்ளே இருப்பவர்கள் ஓடி வந்ததும் கதவு பூட்டிக்கொண்டு கேஸ் இறங்கும். சும்மா அடித்த மணி என்றால் அதற்குள் பொத்தானை அமுக்கி நிறுத்திவிடலாம். ஒரு திங்கட்கிழமை காலை மணி அடிக்கவில்லை. கதவு பூட்டிக்கொண்டது. கேஸ் இறங்கியது. உள்ளே அவளும், கூட வேலை பார்த்த ஒருவனும்.

தீயே இல்லை. புகை பார்க்கிற கருவியில் தூசி. அவ்வளவுதான்.

விசாரிக்க வந்த பெரிய மனிதர்கள் மூன்றே நாளில் கடையைக் கட்டினார்கள். கெர்னலில் முப்பது இருந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. அங்கே எண் மாற்றத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஆக, அவள்தான். தானும் செத்து இன்னொருத்தனையும் கொன்றவள். செத்தவனின் அம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். கூடப் பிறந்த அண்ணனே அவள் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றினான். மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏசிக்காரர் வாயைத் திறக்காமல் நின்றார்.

எண் மாற்றத் தெரிந்த இன்னொரு ஆள் அந்த ஆபீஸில் இருந்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தே கற்றுக்கொண்டவன்.

ஏசி வழியாக வந்த தூசியால் தினம் மூன்று தடவை மணி சும்மா அடித்தது. ஒவ்வொரு தடவையும் மேனேஜர் நாயைப் பேசுவதுபோலப் பேசியது இவரைத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, மணிக்கு நேராக இருந்த எண்ணைப் பூஜ்யமாக்கினார். மணி ஓயட்டும் என்றுதான். கதவும் அதே எண்ணைப் பார்த்துத்தான் காத்துக்கொண்டிருந்தது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் ரூமை ஒட்டிய ஏசி பிளாண்ட் அறையில் நின்றிருந்தபோது, சுவர்ப் பக்கமாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று. இரண்டு. கம்ப்ரசர் போல்ட் லூஸ் என்று நினைத்தார். ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. கைவேலை பலித்த சந்தோஷத்தில், சீட்டியடித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

"அப்பா!"

மகள் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றாள். கையில் தாள்கள். முகம் முழுக்க அழுகை, அதற்குள் சிரிப்பு.

"அம்மா இல்லப்பா. அம்மா பண்ணவே இல்ல."

அவர் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"அம்மா பதினேழு இடத்துல கை வெச்சிருக்கா. பதினேழுலயும் பழைய எண்ணை எடுத்து, கெர்னல் கடைசியில காலியா கிடக்கிற இடத்துல பத்திரமா வெச்சிட்டுத்தான் புதுசை வெச்சிருக்கா. வேணும்னா திருப்பிக்கலாம்னு. இந்தப் பூஜ்யத்துக்கு மட்டும் பழசு எங்கேயும் இல்ல. இது வேற கை."

"கையெல்லாம் ஒரே கைதானேம்மா..."

"இல்லப்பா. அதோட, ஃபைல் மாறினது ஞாயித்துக்கிழமை மத்தியானம். அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி சீட்டை நீங்கதானே பெட்டியில வெச்சிருந்தீங்க? அம்மா என் கட்டிலை விட்டு நகரலன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்ப யாருப்பா?"

இருபத்தெட்டு வருடம் இந்தக் கேள்விக்குத்தான் பயந்தார். ஒரு வார்த்தை போதும். தன்னை நிமிர்ந்து பார்க்கிற அந்தக் கண்களைப் பார்த்தார். அவருக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பார்வை ஒன்றுதான்.

"எனக்கென்னம்மா தெரியும்? நான் அஞ்சாங்கிளாஸ்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "செத்துப்போனவரோட அம்மா இன்னும் இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லிட்டு, அப்படியே மாமா வீட்டுக்குப் போறேன். அந்த போட்டோவை அவர் கையாலேயே மாட்டவெச்சிட்டுத்தான் வருவேன். மெஷின் ஓடிட்டிருக்கு, தொடாதீங்க. சாயங்காலம் வந்து அந்தக் கை யாரோடதுன்னு பாக்கறேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் இருக்கும்ப்பா. மாட்டாம போகாது."

தெருமுனைவரை அவள் நடையைக் கேட்டுக்கொண்டு நின்றார். குழந்தை மாதிரித் துள்ளி நடந்தாள்.

பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போனார்.

எண்ணை மாற்றினால் தேதி இன்றைய தேதி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை போய்விடும். தாளை எரித்துவிடலாம். பூனை கண்ணை மூடிக்கொள்கிற கணக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை போனால், மனைவி செய்யவில்லை என்பதற்கான சாட்சியும் போய்விடும். அதுவும் தெரியும். தெரிந்தேதான் விரலை நீட்டினார்.

திரையில் பச்சை எழுத்து. விரல் மறக்கவில்லை. பூஜ்யம் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். முப்பது என்று தட்டினார்.

மணி அடித்தது.

அந்த வீட்டில் மணி கிடையாது. கேபிள் வெட்டிக் கிடக்கிறது. மணி அடித்தது. சுவரில் தாள்கள் நடுங்கின. கணுக்காலில் குளிர் ஏறியது.

எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் கூடம், வெயில், தண்ணீர்ச் செம்பு. ஐந்து. ஆறு. எட்டில் ஒரு கால் வாசற்படியில் இருந்தது.

பின்னால், மெஷினுக்குப் பின்னால், டொக் டொக்.

மோதிரச் சத்தம்.

வெளியே இருந்த கால் உள்ளே வந்தது. இன்னும் இருபத்திரண்டு இருக்கிறது. அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். இந்தத் தடவை வந்துவிடலாம்.

"இரு... வந்துட்டேன். வந்துட்டேன்டி."

பன்னிரண்டு. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிய இருட்டு. கையை விட்டுத் துழாவினார். பதினேழு. குளிர். இரும்பு. பத்தொன்பது. பிறகு இரும்பு இல்லாத ஒன்று. விரல்கள். பிடித்தார். அவையும் பிடித்தன. இழுத்தார். இருபத்திரண்டு. இன்னும் நேரம் இருக்கிறது. இருபத்துமூன்று. இருபத்துநாலு.

மணி நின்றது.

எட்டு விரல் மெஷினுக்கு முப்பது என்றால் மூணு எட்டு; இருபத்துநாலுதான்.

கதவு மூடியது. அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாள்கூடக் கிடையாது. தோளால் இடித்தார். அசையவில்லை. தடவிப் பார்த்தார். மரக் கதவு இரும்பாக இருந்தது.

மேலே எங்கோ சீறும் சத்தம். மூக்கைக் கிள்ளும் குளிர். கத்த வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை. கை இருந்தது. விரல் முட்டியால் தட்டினார்.

டொக் டொக் டொக்.

அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, மோதிரம் போட்ட விரல் தட்டியது.

டொக் டொக்.

வெளியே காலடி. நெருங்கி வந்தது. நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ காதைக் கொடுத்துக் கேட்டார்கள். ஒரு செருமல். இளவயசுச் செருமல். அது அவருடையது.

தட்டினார். மூன்று. அவள் தட்டினாள். இரண்டு.

கருவிப் பெட்டியைத் திறக்கும் சத்தம். ஸ்பேனரை எடுக்கும் சத்தம். கிர்ர். கிர்ர். போல்ட் இறுகியது. இன்னும் ஒரு சுற்று.

கிர்ர்.

வெளியே இருந்தவன் ஸ்பேனரைக் கீழே போட்டான். கையைத் துடைத்துக்கொண்டான். மெல்லச் சீட்டியடித்துக்கொண்டே, டீ குடிக்கக் கிளம்பினான்.