இரண்டாம் நிலை அடடா

வேலைக்குப் புறப்படும் முன் எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் நெல்லையப்பன் கவனமாக இருந்தார். செய்தி கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அறிவியல் பாடத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்ததும் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். போன மாதம் அப்படிச் சாத்தாமல் விட்டதில், சூரியனும் ஒருநாள் அணைந்துபோகும் என்பது காதில் விழுந்து தொலைத்தது. அதற்குப் பிறகு சாகிற விண்மீன் எதைக் காட்டினாலும் அவருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. மையத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். பொறுப்பான பதவியில் இருப்பவர் இப்படியா அறிவை உள்ளே விடுவது என்று கேட்டார்கள்.

வள்ளியூருக்கு வெளியே, காற்றாலைகளுக்கு நடுவே இருந்த தென்விண் மையத்தில் அவர் முதுநிலை வியப்பாளர்.

நிலவுக்கும் அப்பால் மிதந்துகொண்டிருந்த ‘நெடுங்கண்’ என்ற தொலைநோக்கி அனுப்பும் படங்களை வைக்கப் பூமியில் இடமில்லை. உலகத்தின் சேமிப்பகங்கள் எல்லாம் கல்யாண வீடியோக்களால் நிரம்பிவிட்டன. அவற்றில் கைவைக்க எந்த அரசுக்கும் துணிச்சல் இல்லை. ஆகவே பேரண்டத்தை அழிப்பது என்று முடிவாயிற்று. விண்மீன்திரளோ கருந்துளையோ, எதுவானாலும் சரி, ஒரு மனிதர் பார்த்து உண்மையாக வியந்தால் படம் தங்கும். வியக்கவில்லை என்றால் பொழுது சாய்வதற்குள் அழிந்துவிடும்.

வியப்பை அளக்க வியப்புமானி என்றொரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தவரின் கண்மணி, மூச்சு, நெஞ்சுத்துடிப்பு மூன்றையும் அது பார்க்கும். வாயிலிருந்து தானாக வரும் சொல்லையும் கேட்கும். சொற்களை வரையறுக்க ஒரு வல்லுநர் குழு கூடியது. ‘அட’ என்றால் முதல் நிலை, படம் ஓராண்டு இருக்கும். ‘அடடா’ இரண்டாம் நிலை, ஒரு தலைமுறைக்கு இருக்கும். ‘அடேயப்பா’ மூன்றாம் நிலை, என்றென்றைக்கும் இருக்கும். ‘ஐயோ’ மருத்துவத் துறைக்கு ஒதுக்கப்பட்டது. பால் கொட்டிப்போனாலும் அடடா என்றுதானே சொல்கிறோம் என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அதுவும் ஒருவகை வியப்புதான் என்று முடிவுசெய்து குழு சாப்பிடப் போனது.

முன்கூட்டியே தெரிந்தவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாது. தெரிந்தவருக்கு ஏது வியப்பு. ‘இந்த இடத்தில் இன்னது நடக்கும்’ என்று கணித்த ஆய்வாளர்கள் படத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் நாலு பேரிடம் சொல்லிவிடுவார்கள், அப்புறம் நாட்டில் வியக்க ஆள் இருக்காது. அவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, படத்தைப் பார்க்கும் வியப்பாளரின் முகத்தைப் பார்க்கலாம்.

அன்று காலை கேன்டீனில் ஆய்வாளர் ஜெனோவா தட்டோடு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, நேத்து நல்லா தூங்குனியளா?”

“தூங்குனேன். நீ ஒண்ணும் சொல்லிராத.”

“தூங்குனியளான்னுதான கேட்டேன்.”

“ஒம் மூஞ்சி சொல்லுது. தோசையப் பாத்துப் பேசு தாயி.”

அவள் தோசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “தோசைகிட்டதான் சொல்லுதேன். மூணாவது படத்துக்கு முன்னால ஒரு காப்பி குடிச்சிட்டு வந்தா ஒடம்புக்கு நல்லது. போன தடவ எம் படத்துக்குக் கொட்டாவி விட்டுட்டிய.”

“ஒரு தடவதான்.”

“ரெண்டு தடவ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன்லா.”

நெல்லையப்பன் சாம்பாரைக் கிளறினார். “அதுல என்ன இருந்துச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல.”

“எனக்கும் தெரியாது அண்ணாச்சி. நான்தான் பாக்கலியே.”

அவள் அதைக் குறையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. தோசையின் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னொன்று சொன்னாள். இந்த முறையும் போய்விட்டால் அவ்வளவுதான். அங்கே நடப்பது மறுபடி நடக்க இன்னும் சில லட்சம் வருசம் ஆகும். நெல்லையப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆனால் ‘லட்சம்’ மட்டும் உள்ளே போய்விட்டது.

காப்பி குடித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். பதிவாளர் சுடலைமணி கதவருகே தன் மேசையில் இருந்தார். முதல் படத்தில் இரண்டு விண்மீன்திரள்கள் மோதிக்கொண்டிருந்தன. பஸ் நிலையத்தில் தினம் பார்க்கிற சண்டை மாதிரி இருந்தது. வியப்புமானியின் முள் அசையவில்லை, படம் அழிந்தது. இரண்டாவதில் விண்மீன்கள் பிறக்கும் செந்நிற முகில். அழகாகத்தான் இருந்தது. அழகை அந்த நாற்காலி கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது வந்தபோது ஜெனோவா கண்ணாடிக்கு வெளியே வந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. திரையில் மங்கலான ஒரு விண்மீன்திரள். அதன் நடுவிலிருந்து வெள்ளையாக ஓர் ஒளிப்பீச்சு கிளம்பி, கொஞ்ச தூரம் நேராகப் போய், தூண்டில் முள் போல இடப்பக்கம் வளைந்திருந்தது. கீழே ‘கருந்துளை விழிப்பு’ என்று எழுதியிருந்தது. தூங்கின ஒன்று எழுந்திருக்கிறது போலும் என்று நெல்லையப்பன் நினைத்தார். பீச்சு ஏன் கோணலாக இருக்கிறது என்றும் நினைத்தார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. அந்த ஒளி கிளம்பியபோது பூமியில் யாருமே இருந்திருக்க மாட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தார். லட்சம் என்ற சொல்லை மனதுக்குள் நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தார். நெஞ்சு பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. வருசக்கணக்காக அவர் பார்க்காத பிரளயம் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, எதுவும் தெரியாது.

“அண்ணாச்சி, நேரமாவுது. பூச்சியம்னு போட்டுரவா?” என்றார் சுடலைமணி.

நெல்லையப்பன் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். ஜெனோவா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தை மேலே தூக்கி, கண்ணை அகல விரித்து, வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது பெற்றவள் தன்னை அறியாமல் தன் வாயைத் திறப்பாளே, அப்படி. வியப்பது எப்படி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“அடடா,” என்றார் நெல்லையப்பன்.

நெஞ்சு உண்மையாகவே ஒருமுறை உதறியது. மணி அடித்தது. இரண்டாம் நிலை வியப்பு என்று திரையில் எழுத்து வந்தது. திரையைப் பார்த்து வியந்தாலும் வேறு எதைப் பார்த்து வியந்தாலும் நாற்காலிக்கு ஒன்றுதான்.

சுடலைமணி எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். “மேடம், படம் நின்னுட்டு.”

“நெசமாவா?” ஜெனோவா சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப என் கணிப்பு சரின்னு போட்டுருவியளா?”

“அதெப்படி? அண்ணாச்சி வியந்துட்டாவள்லா. ஒருத்தர் வியந்துட்டாவன்னா அது யாரும் எதிர்பாக்காதது. யாரும் எதிர்பாக்காததுன்னா நீங்களும் எதிர்பாக்கல. ஒங்க கணிப்ப இப்பத்தான் நீக்குனேன்.”

“ரெண்டு வருசக் கணக்கு அது.”

“படம் போயி கணிப்பு நிக்கணும்னா அப்படியும் செய்யலாம். ரெண்டும் நிக்கதுக்குச் சட்டத்துல எடமில்ல.” அவர் குரலில் பகை இல்லை. “இப்ப அது பேச்சில்ல. ரெண்டாம் நிலைன்னா இன்னொருத்தரும் பாத்து வியக்கணும். இல்லன்னா சாயங்காலம் படம் போயிரும். இன்னொரு வியப்பாளர் லூர்து ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டாரு. ஒண்ணும் தெரியாத ஆளு ஒண்ணு வேணும்.”

சுடலைமணி மேசைக்குத் திரும்பித் திரையை ஒருமுறை பார்த்தார். அப்புறம் ஜெனோவாவைப் பார்த்தார்.

“பதிவுப்படி ஒங்களுக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது மேடம். உள்ள வாங்க.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நெல்லையப்பன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

ஜெனோவா திரையைப் பார்த்தாள். நாற்பது வயதில், விண்வெளியைக் கணிப்பதே வேலையாக இருந்த அவள் முதல்முறையாக விண்வெளியைப் பார்த்தாள். பிறகு விரல் தானாக எழுந்து, காற்றில் அந்தப் பீச்சின் மேல் போய், வளைவில் வளைந்தது.

“வளஞ்சிருக்கு.”

“ஆமா தாயி.”

“எடப்பக்கமா வளஞ்சிருக்கு அண்ணாச்சி. நான் சொன்ன...”

நெல்லையப்பன் பலமாக இருமினார். அவள் நிறுத்திக்கொண்டாள். ஆனால் முள் அதற்குள் கிளம்பிவிட்டது. இரண்டு வருசம் ராப்பகலாக அது இடப்பக்கம் வளையும் என்று கணக்குப் போட்டவளுக்கு, அது உண்மையிலேயே வளையும் என்று ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை போல. தான் சொன்னது ஒன்று சரியாக இருக்கக்கூடும் என்பதை அவளுக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை.

“அடேயப்பா,” என்றாள், தனக்கே கேட்காத குரலில்.

அந்த மையத்தில் மூன்றாம் நிலை மணி அடித்து யாரும் கேட்டதில்லை. சுடலைமணி தீ விபத்து என்று நினைத்து எழுந்துவிட்டார். திரையில் ‘என்றென்றைக்கும்’ என்று வந்தது. பிறகு நாற்காலியின் குரல் மரியாதையாகக் கேட்டது.

“இதைத் தாங்கள் முன்பே அறிந்திருந்தீர்களா?”

“மேடம், நிதானமாச் சொல்லுங்க,” என்றார் சுடலைமணி. “ஆமான்னா ஒங்க கணிப்பு திரும்ப வந்துரும், படம் போயிரும். இல்லன்னா படம் நிக்கும். யாரும் எதிர்பாராததுன்னு காலாகாலத்துக்கும் பேரோட நிக்கும்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னது காதில் விழுந்ததா என்றே நெல்லையப்பனுக்குச் சந்தேகமாக இருந்தது. குரல் இரண்டாம் முறையும் கேட்டது.

“இல்ல,” என்றாள் ஜெனோவா. “எனக்கு ஒண்ணும் தெரியாது.”

படம் ஏற்கப்பட்டது. வரிசையில் இன்னும் நிறையப் படங்கள் காத்திருந்தன. சுடலைமணி தொண்டையைச் செருமினார். அண்ணாச்சிக்கும் வயதாகிறது, வியப்பாளர் பதவி ஒன்று காலியாகப் போகிறது, மூன்றாம் நிலை வாங்கியவர்களுக்குத் தேர்வுகூடக் கிடையாது என்றார். ஒரே நிபந்தனை, இனி எதையும் கணிக்கக் கூடாது. இதுவரை தெரிந்ததையும் மெல்ல மெல்ல மறந்துவிட வேண்டும்.

நெல்லையப்பன் வேண்டாம் என்பதுபோல் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்ததப் போடுங்க,” என்றாள்.